பாற்கடன்: புலம்பெயர்ந்த ருஷ்ய எழுத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

புரட்சிக்குப் பின் ருஷ்யாவை விட்டு வெளியேறிய எழுத்தாளர்களைப் பற்றி நம் வாசகர்கள் பேசத் தொடங்கியதும் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன. ஒன்று ஏக்கம். மற்றது காதல். பிர்ச் மரங்கள், பனி, கைவிட்டு வந்த பண்ணை வீடு, பாரீஸின் மலிவான அறை, அங்கே அமர்ந்து நினைவுகூரப்படும் ஒரு பெண். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு புலம்பெயர் எழுத்தாளர் தயாராகிவிடுகிறார். புனினைப் பற்றியும் இப்படித்தான் பேசப்படுகிறது, நபோகோவைப் பற்றியும் இப்படித்தான். ஸ்வெதாயெவாவைப் பற்றியென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் நாங்களும் இந்தச் சொற்களைக் கூச்சமின்றிக் கையாண்டவர்களே. இப்போது அவற்றை நாங்கள் நம்புவதில்லை. ஆங்கிலத்தின் வழியாகவேனும் அந்த நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு போனபோது, ஏக்கம் என்று நாம் பெயரிட்டு வைத்திருந்த இடத்தில் வேறொன்று இருப்பதைக் கண்டோம். அதற்குக் கடன் என்று பெயர்.

நம்முடைய பழைய வாசிப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ருஷ்ய இலக்கியம் நமக்கு மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிவைத்த கெட்டி அட்டைப் புத்தகங்களாக, என்.சி.பி.எச். அலமாரிகளின் வழியே வந்து சேர்ந்தது. ரா. கிருஷ்ணையாவின் தமிழில் 'புத்துயிர்ப்பு' படித்த தலைமுறைக்கு அந்தக் கொடையின் மதிப்பு தெரியும். அதை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார் என்பதைப் போலவே எதைக் கொடுக்கவில்லை என்பதும் வாசகனை உருவாக்குகிறது. சோவியத் மண்ணில் நபோகோவின் எழுத்து அச்சேறத் தொடங்கியதே 1986-ல்தான். ஆகவே புலம்பெயர்ந்தவர்களை நாம் பிந்தியே சந்தித்தோம். சந்தித்தபோது கையில் ஆயத்தமான தீர்ப்புகளோடு சந்தித்தோம்.

அந்தத் தீர்ப்புகள் இரண்டு. ஒரு சாரார், இது நிலப்பிரபுக்களின் ஒப்பாரி என்றார்கள்: சொத்து போயிற்று, வேலையாட்கள் போயினர், அழுகிறார்கள். மற்றொரு சாரார், இது தூய கலை என்றார்கள்: காதலும் நினைவும் மட்டுமே இங்குண்டு, வரலாற்றை உள்ளே இழுத்துவராதீர்கள். இவர்கள் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு புள்ளியில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அந்த எழுத்தாளர்கள் தங்கள் பழைய வீட்டைத் திரும்பக் கேட்டார்கள் என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதற்காகத் திட்டுகிறார், மற்றவர் அதற்காகக் கண்கலங்குகிறார். எங்கள் மறுப்பு இந்தப் பொது நம்பிக்கையின்மேல்தான்.

இவான் புனினிடமிருந்து தொடங்குவோம். 1870-ல் பிறந்தவர், நொடித்துப்போன பிரபுக் குடும்பத்தின் பிள்ளை, 1920-ல் ஒதெஸ்ஸாவிலிருந்து கப்பலேறியவர், 1933-ல் நோபல் பரிசு பெற்ற முதல் ருஷ்ய எழுத்தாளர். பண்ணை வீட்டு ஏக்கத்திற்கு இவரைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி அவர் எழுதியவற்றிலேயே ஈவிரக்கமற்ற நூல் 'சுஹதோல்' என்னும் குறுநாவல். அது எழுதப்பட்டது 1911-ல். புரட்சிக்கு ஆறு ஆண்டுகளும் புலப்பெயர்வுக்கு ஒன்பது ஆண்டுகளும் முன்பு. வீடு போய்விடும் என்று எவரும் கனவிலும் எண்ணாத காலத்தில், அந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்று அவர் தோண்டிப் பார்த்துவிட்டார்.

சுஹதோலின் கதையைச் சொல்கிறவர் 'நாங்கள்' என்றே சொல்கிறார். ஹ்ருஷோவ் என்னும் பிரபுக் குடும்பத்தின் கடைசித் தலைமுறைப் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குக் குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பவள் நதாலியா, அந்த வீட்டின் பண்ணையடிமையாகப் பிறந்தவள். குடும்பத்தின் நினைவு முழுவதும் குடும்பத்திற்கு வெளியே, குடும்பத்தால் மிதிக்கப்பட்ட ஒருத்தியிடம் இருக்கிறது. அவள் தகப்பனை ஏதோ ஒரு குற்றத்திற்காகப் பட்டாளத்திற்கு அனுப்பியவர்கள் இந்த எசமானர்கள். அவள் தாய், தன் பொறுப்பிலிருந்த வான்கோழிக் குஞ்சுகள் ஆலங்கட்டி மழையில் செத்ததைக் கண்டு, எசமானருக்கு அஞ்சியே உயிரை விட்டவள். கதைசொல்லியின் தந்தையும் நதாலியாவும் ஒரே பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். ருஷ்ய மொழியில் அந்த உறவுக்குப் பெயருண்டு: பால் சகோதரி. ரத்தத்தில் அவள் அடிமை, பாலில் அவள் சகோதரி.

அந்த நதாலியா காதலிக்கிறாள். இளைய எசமானர் பியோத்தர் பெத்ரோவிச்சின் வெள்ளிச் சட்டமிட்ட சிறு கண்ணாடியை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறாள். அவளுடைய காதலின் முழு வெளிப்பாடும் அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாகத் தலைமயிரை வெட்டி, தொலைவிலுள்ள ஒரு குடியிருப்புக்கு விரட்டிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுதும் அவள் அந்தக் காதலையும் அந்த அவமானத்தையும் ஒன்றாகவே சுமக்கிறாள். இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை, கதைசொல்லிகளுக்கும் தெரியவில்லை. அந்த வீட்டின் பாட்டனார் ஒரு வேலையாளின் கையால் சாகிறார். அந்த வேலையாள் அவருடைய முறைதவறிய மகன் என்று கருதப்பட்டவன். நாவலின் முடிவில் பிள்ளைகள் இடுகாட்டுக்குப் போகிறார்கள். தங்கள் முன்னோரின் கல்லறைகள் எவை என்று அவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை.

இதை எழுதியவர் வீட்டைத் திரும்பக் கேட்கிறார் என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் காதல் என்ற ஒன்று பிறந்தபோதெல்லாம் யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதைப் புனின் எழுதிவைத்திருக்கிறார். நிலப்பிரபுவின் ஒப்பாரி என்பவர்கள் இந்த நூலைப் படிக்கவில்லை. தூய கலை என்பவர்கள் இதைப் படித்தும் கண்ணாடியை மட்டும் பார்த்தார்கள், வெட்டப்பட்ட தலைமயிரைப் பார்க்கவில்லை.

புலம்பெயர்ந்தபின் புனின் மாறிவிட்டார், முதுமையில் அவர் காதலை மட்டுமே பாடினார் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அதற்குச் சான்றாக எடுத்துவைக்கப்படுவது 'இருண்ட நிழற்சாலைகள்' என்னும் தொகுப்பு. பெரும்பகுதி தென் பிரான்சின் கிராஸ் நகரில், போர்க்காலப் பசியிலும் குளிரிலும் எழுதப்பட்டது; 1943-ல் நியூயார்க்கில் 11 கதைகளோடும், 1946-ல் பாரீஸில் 38 கதைகளோடும் வெளிவந்தது. காதலின் கலைக்களஞ்சியம் என்று இதைப் புகழ்கிறார்கள். சரி, அந்தத் தொகுப்பின் தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

1938-ல் எழுதப்பட்ட அந்தக் கதை சில பக்கங்களே கொண்டது. வயதான இராணுவ அதிகாரி ஒருவர் இலையுதிர்காலச் சேற்றில் பயணம் செய்து வந்து ஒரு விடுதியில் இறங்குகிறார். விடுதிக்காரி நதேஷ்தா. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் காதலித்துக் கைவிட்ட பண்ணையடிமைப் பெண். அவள் மணம் செய்துகொள்ளவில்லை. அவரை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அவரோ வேறொருத்தியைக் காதலித்து மணந்தவர்; அவள் அவரை விட்டுப் போனாள்; மகன் அயோக்கியனாக வளர்ந்தான். வண்டியில் திரும்பும்போது, இவளையே மணந்திருந்தால், பீட்டர்ஸ்பர்கிலுள்ள தன் வீட்டின் தலைவியாக இவள் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறார். எண்ணிவிட்டுத் தலையை அசைத்துக்கொள்கிறார். அந்தத் தலையசைப்பில் கதை முடிகிறது. அவள்தான் தன் வாழ்வின் மிகச் சிறந்த கணங்களைத் தந்தவள் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அவளைத் தன் வீட்டுக்குள் கற்பனை செய்ய அவரால் முடியவில்லை.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக விட்டுவிடும் ஒரு வரி உண்டு. வண்டிக்காரன் நதேஷ்தாவைப் பற்றி மெச்சிச் சொல்கிறான்: கெட்டிக்காரி, பணக்காரியாகிவருகிறாள், வட்டிக்குக் கொடுக்கிறாள், நியாயமானவள், ஆனால் குறித்த காலத்தில் திருப்பித் தராவிட்டால் பழி உன்மேல்தான். புனின் அலங்காரத்திற்காக ஒரு சொல்லும் வைப்பவரல்லர். கடன் கொடுத்தவள் யார், திருப்பித் தராதவர் யார் என்பது அந்த வண்டியிலேயே இருக்கிறது. இதை ஏக்கக் கதை என்று சொல்லுகிறவர் அந்த அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு படித்தவர் என்றுதான் நாங்கள் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

புனினின் சொந்தக் குல வரலாற்றிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. தன் குலத்தில் தோன்றிய கவிஞர் வசீலி ஷுகோவ்ஸ்கியைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். ஷுகோவ்ஸ்கி 1783-ல் பிறந்தவர்; அஃபனாசி புனின் என்னும் நிலக்கிழாருக்கும், போரில் சிறைபிடிக்கப்பட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சல்ஹா என்னும் துருக்கியப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. தகப்பனின் பெயரைச் சூடும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. ஞானத்தந்தையின் பெயரே அவர் பெயராயிற்று. பின்னாளில் 1861-ல் பண்ணையடிமை முறையை ஒழித்த இரண்டாம் அலெக்ஸாந்தருக்கு இளமையில் ஆசிரியராக இருந்தவர் அவர்தான். குலப்பெருமை என்று எதை எடுத்தாலும் அதன் அடியில் ஒரு சிறைப்பட்ட பெண் இருக்கிறாள் என்பது புனினுக்குத் தெரியாத செய்தியன்று. அவருடைய ஒரே மகன் ஐந்து வயதில், 1905-ல் இறந்துபோனான். அந்தக் கிளை அவரோடு முடிந்தது. மீந்திருந்த கணக்கை எழுதித் தீர்ப்பது ஒன்றே அவரால் செய்யக்கூடியதாக இருந்தது.

பால் சகோதரி என்ற சொல்லை விட்டு நாங்கள் நகராததற்குக் காரணம் விளாதிஸ்லாவ் ஹொதாசேவிச். 1922 ஜூனில் நீனா பெர்பெரோவாவோடு ருஷ்யாவை விட்டு வெளியேறி, பெர்லின், சொரெந்தோ என்று அலைந்து, 1925-ல் பாரீஸில் தங்கிவிட்ட கவிஞர். ருஷ்யக் கவிதையின் கடுமையான செவ்வியல்வாதிகளுள் ஒருவரான இவருடைய உடலில் ருஷ்ய ரத்தம் ஒரு துளியும் இல்லை. தந்தை போலந்துக்காரர். தாய் யூதப் பிறப்பு. வளர்ப்பால் கத்தோலிக்கப் போலந்துப் பெண். அந்தத் தாயின் தகப்பன் யாக்கோவ் பிராஃப்மன், யூத சமயத்தை விட்டு மதம் மாறி, தன் பழைய சமூகத்திற்கு எதிராக 'கஹாலின் புத்தகம்' என்ற நூலை வெளியிட்டவர். யூத வெறுப்பாளர்கள் பல்லாண்டுகள் கையிலேந்திய ஆயுதம் அது. பேரன் என்ன செய்தார்? எபிரேயக் கவிஞர்களை ருஷ்ய மொழியில் பெயர்த்தார். 1918-ல் வெளிவந்த யூதக் கவிதைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தார். பாட்டன் கெடுத்ததைப் பேரன் பெயர்ப்பால் ஈடுசெய்தார் என்று எளிதாக முடித்துவிட நாங்கள் விரும்பவில்லை. ஈடு செய்யக்கூடியதல்ல அது. ஆனால் அந்தப் பாட்டனை வைத்துக்கொண்டு ஒருவர் எந்தத் திசையில் நடக்கத் தேர்ந்தார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ரத்தத்தால் கிடைக்காத ருஷ்யா அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? தூலா மாவட்டத்து விவசாயப் பெண் எலேனா குசினாவின் பாலிலிருந்து என்று அவரே ஒரு கவிதையில் பதில் சொன்னார். நம் மேற்கோள்வாதிகளுக்குப் பிடித்தமான கவிதை அது. தாய்மொழி, தாய்ப்பால் என்று உருகுவதற்கு வசதியானது. ஆனால் ஹொதாசேவிச் தன் இளம்பருவ நினைவுக்குறிப்புகளில் மற்றதையும் சொல்லிவிடுகிறார். அந்தச் செவிலித்தாய் தன் சொந்தக் குழந்தையை அனாதை விடுதியில் விட்டுவிட்டுத்தான் இவருக்குப் பாலூட்ட வந்தாள். அந்தக் குழந்தை விரைவிலேயே அங்கே இறந்துபோயிற்று. தன் உயிர் இன்னொரு உயிரின் விலையில் காப்பாற்றப்பட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறார்.

ருஷ்ய மொழியின்மேல் அவருக்கிருந்த காதல் இந்த விலையை அறிந்த காதல். அதனால்தான் அது ஏக்கமாகக் குழைவதில்லை. அவருடைய கவிதைகளின் வறட்சியான, பல்லைக் கடித்த தொனியைக் குளிர்ந்த மனம் என்று குறைகூறியவர்கள் அக்காலத்திலும் உண்டு. வேறொரு குழந்தையின் பாலைக் குடித்து வளர்ந்தேன் என்று அறிந்தவன் எப்படிக் குழைவான்?

பெர்பெரோவாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1932-ல் அவர் ஹொதாசேவிச்சை விட்டுப் பிரிந்தார். மூன்று நாளைக்குப் போதுமான சூப்பைச் சமைத்துவைத்துவிட்டு, கிழிந்த காலுறைகளையெல்லாம் தைத்துவைத்துவிட்டுப் போனார் என்று பாரீஸ் ருஷ்யர்கள் பேசிக்கொண்டதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். நம்மவர்களுக்கு அந்தக் காலுறை நினைவிருக்கிறது. அந்த நூலின் தொடக்க அதிகாரத்தில் கூட்டையும் எறும்புப் புற்றையும் எதிரெதிரே வைத்து, குடும்பக் கூட்டின் கதகதப்பைத் தான் என்றுமே வெறுத்ததாகவும், முகமறியாத எறும்புப் புற்றே தனக்கு உகந்தது என்றும் அவர் எழுதியது நினைவில் இல்லை. 1935-ல் அவர் எழுதிய 'பக்கவாத்தியக்காரி' குறுநாவலில் வரும் சோனெச்காவும் மணமாகாத ஒரு இசை ஆசிரியைக்குப் பிறந்த அவமானத்தைத் தூக்கிக்கொண்டு அலைபவளே. கூட்டை உதறியவருங்கூட அதன் கனத்தை எழுதாமல் தப்பவில்லை. ஹொதாசேவிச் 1939 ஜூனில் இறந்தார். அவருடைய கடைசி மனைவி ஒல்கா மர்கோலினா யூதப் பெண். 1942-ல் கைதாகி ஆஷ்விட்ஸில் மாண்டார். கஹாலின் புத்தகம் எழுதியவரின் பேரன் காதலித்து மணந்த பெண் அவர்.

புலம்பெயர்ந்தோர் தங்கள் குடும்ப வரலாற்றை எல்லா நேரமும் இவ்வளவு நேர்மையோடு எதிர்கொண்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எதிர்கொள்ளாதவர்களே பெரும்பான்மை. அதற்கு நபோகோவின் 'கொடை' நாவல் அனுபவித்ததே சாட்சி. 1937-38-ல் பாரீஸின் 'சமகாலக் குறிப்புகள்' இதழில் அது தொடராக வந்தபோது, அதன் நான்காம் அதிகாரத்தை ஆசிரியர் குழு வெளியிட மறுத்தது. காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்போக்குத் திருவுரு செர்னிஷேவ்ஸ்கியின் வாழ்க்கையை அந்த அதிகாரம் எள்ளலோடு எழுதியிருந்தது. தணிக்கைக்குத் தப்பியோடிவந்த பெரியவர்கள், தங்கள் ஆன்மிகப் பாட்டனாரின் படத்தில் தூசு விழக்கூடாதென்று தாங்களே தணிக்கை செய்தார்கள். முழு நாவல் 1952-ல் நியூயார்க்கில்தான் வெளிவந்தது. புலப்பெயர்வு தன்னளவில் ஒருவரைச் சுதந்திரமானவராக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பதினான்கு ஆண்டுகளைச் சற்று யோசிக்க வேண்டும்.

நாங்கள் சொல்லவருவதன் கடினமான பகுதி மரீனா ஸ்வெதாயெவா. காதலுக்காக வாழ்ந்து காதலால் அழிந்தவர் என்பது அவரைப் பற்றிய நம் வழக்கமான சித்திரம். 1917-ல் போருக்குப் போயிருந்த கணவர் செர்கேய் எஃப்ரோனுக்கு, நீங்கள் உயிரோடிருந்தால் நாயைப் போல உங்கள் பின்னே வருவேன் என்னும் பொருள்படக் குறிப்பேட்டில் எழுதினார்; இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், சோவியத் நாட்டுக்குத் திரும்பும் முடிவோடு அதே பக்கத்தில், இதோ போகிறேன் என்று குறித்துவைத்தார். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு புனிதவதியைச் செய்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் காதலின் இரு பக்கத்திலும் நின்றிருந்த குடும்பங்களைப் பாருங்கள்.

எஃப்ரோனின் தாய் எலிசவேத்தா துர்னோவோ பிரபுக் குலத்தில் பிறந்து, ஜார் ஆட்சிக்கெதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தவர். 1910-ல் பாரீஸில் அவருடைய இளைய மகன் தூக்கிட்டுக்கொள்ள, தாயும் அவ்வாறே செய்துகொண்டார். புரட்சிக்காரர்களின் பிள்ளையான செர்கேய் உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படையில் போரிட்டார். ஸ்வெதாயெவா அந்தப் படையைப் பாடி ஒரு கவிதைத் தொகுதியே எழுதினார். பின்னர் பாரீஸில் அதே செர்கேய் தாயகம் திரும்புவோர் சங்கத்தில் முனைந்து, சோவியத் உளவுத்துறைக்கு வேலைசெய்து, 1937-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த இக்னாஸ் ரெய்ஸ் கொலையில் தொடர்புபட்டு, மாஸ்கோவுக்குத் தப்பியோடினார். பெற்றோரின் இலட்சியத்திற்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியதை அவர் ஒரு கடனாகச் சுமந்தார் என்றே நாங்கள் வாசிக்கிறோம். அதைத் தீர்க்க இன்னொருவரின் உயிரைக் கொடுக்கலாம் என்று எண்ணியபோது அவர் கொலைக்கு உடன்பட்டவரானார். கடனை உணர்வதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பதற்கும் அவரே சாட்சி.

ஸ்வெதாயெவாவின் பக்கம்: மாஸ்கோவின் நுண்கலை அருங்காட்சியகத்தை நிறுவிய தந்தை, மகன் பிறப்பான் என்று காத்திருந்து மகளைப் பெற்று, தன் நிறைவேறாத இசையை அவள் விரல்களில் திணித்த தாய். தாயைப் பற்றி அவர் எழுதிய உரைநடை, நன்றியும் மூச்சுத்திணறலும் பிரிக்க முடியாமல் கலந்தது. இந்தப் பக்கத்தில் நம் புனிதவதிச் சித்திரம் கண்டுகொள்ளாத ஒரு பெயரும் உண்டு: இரீனா. 1919-ன் பஞ்சத்தில் இரு மகள்களையும் குழந்தைகள் விடுதியில் சேர்த்தார் ஸ்வெதாயெவா. நோயுற்ற மூத்தவளை வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். இளையவள் இரீனா 1920 பிப்ரவரியில், மூன்று வயதுகூட நிரம்பாமல், அங்கேயே பசியில் செத்தாள். தாய் அடக்கத்திற்குப் போகவில்லை. குசினாவின் குழந்தை இறந்ததும் அனாதை விடுதி ஒன்றில்தான். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை நாங்கள் எழுதவில்லை. அந்தப் பஞ்சத்தில் யாரையும் ஏற்ற முடியாது. ஆனால் இரீனாவை நீக்கிவிட்டு ஸ்வெதாயெவாவின் காதலைப் பாடுகிறவர்கள் அவரைச் சிறியவராக்குகிறார்கள். மகன் கியோர்கியோடு 1939 ஜூனில் அவர் ஏறிய கப்பலில் கணவரின் மேலுள்ள காதல் மட்டும் ஏறவில்லை.

பின்னர் நடந்தவை தெரிந்தவை. 1939 ஆகஸ்டில் மகள் அரியாத்னா கைது. அக்டோபரில் எஃப்ரோன் கைது. 1941 ஆகஸ்ட் 31-ல் எலபூகாவில் ஸ்வெதாயெவா தூக்கிட்டுக்கொண்டார். அக்டோபரில் எஃப்ரோன் சுடப்பட்டார். 1944-ல் கியோர்கி போர்முனையில் மாண்டான். உயிர்பிழைத்தவர் அரியாத்னா ஒருவரே.

இங்கே எங்களுக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழும். முன்னோரின் கடனைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது யாருடைய தர்க்கம்? பிரபுவின் மகன், பாதிரியின் மகள் என்பதற்காகவே பல்கலைக்கழகக் கதவை அடைத்தது சோவியத் அரசு அல்லவா? மக்கள் விரோதியின் மனைவி, மக்கள் விரோதியின் பிள்ளை என்று முகாமுக்கு அனுப்பியது அதே தர்க்கம் அல்லவா? இலக்கியத்தில் குடும்பக் கணக்கைக் கேட்கும் நீங்கள் அந்த அதிகாரியின் மேசைக்குப் பின்னால் உட்காரவில்லையா?

கேள்வி நியாயமானது, ஆனால் அது குற்றத்தையும் கடனையும் ஒன்றாக்கிவிடுகிறது. குற்றம் பிறர் சுமத்துவது. பிறப்பால் குற்றம் சுமத்துவது அநீதி, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கடன் என்பது ஒருவர் தானே ஒப்புக்கொள்வது. எவரும் அதிகாரத்தால் அதை வசூலிக்க முடியாது. ஹொதாசேவிச்சிடம் குசினாவின் குழந்தையைப் பற்றி எவரும் விசாரணை நடத்தவில்லை. சுஹதோலை எழுதும்படி புனினை எவரும் மிரட்டவில்லை. அவர்களாகவே எழுதினார்கள். அரியாத்னாவிடம் விசாரணை நடந்தது. அடித்து, தந்தை அந்நிய உளவாளி என்று எழுதி வாங்கினார்கள். பின்னர் அதை அவர் மறுத்தார். முகாமிலும் துருஹான்ஸ்க் நாடுகடத்தலிலுமாகப் பல ஆண்டுகள் கழித்து, 1955-ல் விடுவிக்கப்பட்டு வந்த அந்தப் பெண் 1975-ல் இறக்கும்வரை என்ன செய்தார்? தாயின் கையெழுத்துப் படிகளைத் தேடிச் சேர்த்து, வரிசைப்படுத்தி, அச்சேற்றப் பாடுபட்டார். அரசு அவர்மேல் சுமத்திய குடும்ப வரலாறு வேறு, அவர் தானே எடுத்துச் சுமந்த குடும்ப வரலாறு வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களுக்கு எங்கள் வாதம் அந்த மேசையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது விளங்கும்.

காதலையும் இதே இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம். காதல் வரலாற்றிலிருந்து விடுதலை தருகிறது என்பது தூயகலை நண்பர்களின் நம்பிக்கை. இந்த எழுத்தாளர்களிடம் நாங்கள் கண்டது அதற்கு நேர்மாறானது. சாதாரண நாட்களில் வீட்டுக்கதைகளை மறந்துவிட்டு எவரும் வாழ்ந்துவிடலாம். காதலிக்கும்போதுதான் யாரை வீட்டுக்குள் அழைத்துவரலாம், யாருடைய பெயரைப் பிள்ளைக்கு இடலாம், யாரோடு எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்விகள் எழுகின்றன. முன்னோர் அத்தனைபேரும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நதேஷ்தாவை எண்ணித் தலையசைத்த அதிகாரி அந்தக் கணத்தில் தன் பாட்டனாகவே இருந்தார்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. இவர்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறவர்களும் அறிமுகம் செய்கிறவர்களும் ஏக்கம் என்ற சொல்லைக் கொஞ்ச காலத்திற்கு ஒதுக்கிவைக்கட்டும். புனினை அறிமுகப்படுத்துவதானால் சுஹதோலிலிருந்து தொடங்கட்டும். ஸ்வெதாயெவாவை எழுதுவதானால் இரீனாவின் பெயரையும் எழுதட்டும். ஒரு பண்ணை வீட்டின் வர்ணனை நம்மை உருக்கும்போது, அந்த அடுப்படியில் நின்றது யார், அந்தத் தொட்டிலருகே பாலூட்டியது யார், அவளுடைய பிள்ளை அப்போது எங்கே இருந்தது என்று கேட்டுப் பார்ப்போம். நல்ல எழுத்தாளர்கள் அந்தக் கேள்விக்கான விடையைப் பக்கத்திலேயே எங்காவது எழுதிவைத்திருக்கிறார்கள். நாம்தான் இதுவரை அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டோம்.